இயேசு எந்த வகையில் ராஜா?

கேள்வி சுருக்கமாக இது: "தேவாலயங்களில் இயேசுவை ராஜாதி ராஜா என்று பாடுகிறார்கள். அவர் ஒருநாளும் அரியணையில் உட்காரவில்லை. ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்று அவரே சொன்னதாகவும் பைபிளில் இருக்கிறது. பிறகு இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய மன்னர்கள் ‘கடவுள் கொடுத்த உரிமை’ என்று சொல்லிக்கொண்டு ஆண்டதும் இதன் தொடர்ச்சிதானா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். தொடர்ச்சிதான், ஆனால் தலைகீழாகப் பிடித்த தொடர்ச்சி என்பது என் கருத்து. பழைய உலகத்தில் அரசனையும் தெய்வத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவது சாதாரண விஷயம். எகிப்தில் பார்வோன் சூரிய தெய்வமான ராவின் மகன். ரோமில் அகஸ்டஸ் தன்னைத் ‘தெய்வத்தின் மகன்’ என்று நாணயத்திலேயே அச்சடித்துக்கொண்டார். செத்தபின் தெய்வமாக அறிவிக்கப்பட்ட ஜூலியஸ் சீசரின் வளர்ப்பு மகன் என்பது அதற்கு ஆதாரம். ஆளுகிற மனிதனை மேலே ஏற்றிக்கொண்டுபோய்க் கடவுளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது அந்த முறை. பைபிளோ எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. கடவுள்தான் ராஜா, அப்படியானால் மனிதனுக்கு எதற்கு அந்த இடம்? இந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டுப் படித்தால் பின்னால் வரும் எதுவும் சரியாகப் புரியாது.

எகிப்தை விட்டு வந்து கானானில் குடியேறிய இஸ்ரவேலருக்குப் பல தலைமுறைகள் ராஜா கிடையாது. ஆபத்து வரும்போது ஒரு தலைவர் எழும்புவார், சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். மீதியானியரை விரட்டிய கிதியோனிடம் ஜனங்கள் வந்து, "நீரும் உம் மகனும் பேரனும் எங்களை ஆளவேண்டும்" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: "நான் உங்களை ஆளமாட்டேன், என் குமாரனும் உங்களை ஆளமாட்டான், கர்த்தரே உங்களை ஆளுவாராக." ஆனால் அவருடைய மகன்களில் ஒருவனான அபிமெலேக்குக்கு ஆசை விடவில்லை. சகோதரர்களைக் கொன்றுபோட்டுச் சீகேமில் ராஜாவாகிவிட்டான். தப்பிப் பிழைத்த கடைசித் தம்பி யோதாம், கெரிசீம் மலையுச்சியில் நின்று கத்திச் சொன்ன கதை நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவமரம், "என் எண்ணெயை விட்டுவிட்டு நான் வருவேனா?" என்றது. அத்திமரம் தன் பழத்தையும் திராட்சைச்செடி தன் ரசத்தையும் விட்டு வர மறுத்துவிட்டன. கடைசியில் முட்செடியைக் கேட்டார்கள். அது உடனே ஒப்புக்கொண்டு, "வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து நெருப்பு கிளம்பும்" என்றது. முட்செடிக்கு ஏது நிழல்! உருப்படியான வேலை இருக்கிறவன் யாரும் இந்தப் பதவிக்கு வரமாட்டான் என்பதுதான் கதையின் குத்தல். ஒரு புனித நூலுக்குள் ஆட்சியதிகாரத்தைப் பற்றி இப்படி ஒரு கிண்டல் இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு வருவது 1 சாமுவேல் 8. என்னைக் கேட்டால் இந்த விஷயத்துக்கு முழு பைபிளிலும் மூல அதிகாரம் இதுதான். ஜனங்களை வழிநடத்திவந்த தீர்க்கதரிசி சாமுவேலுக்கு வயதாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் லஞ்சம் வாங்குகிறார்கள். மூப்பர்கள் வந்து, "மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும்" என்கிறார்கள். சாமுவேலுக்கு மனக்கசப்பு. ஆனால் கடவுள் அவரிடம் சொல்வது வேறு: "அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, நான் அவர்களை ஆளாதபடிக்கு, என்னைத்தான் தள்ளினார்கள்." கேட்டதைக் கொடு, ஆனால் என்ன வரும் என்று முதலில் சொல்லிவிடு என்கிறார். சாமுவேல் ஒரு பட்டியல் போடுகிறார்: உங்கள் மகன்களை எடுத்துத் தன் ரதத்துக்கு முன்னால் ஓடவிடுவான், தன் நிலத்தை உழவும் ஆயுதம் செய்யவும் வைப்பான், உங்கள் மகள்களைத் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் கூட்டிப்போவான், நல்ல வயலையும் தோட்டத்தையும் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று அவனுக்கு, கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. ‘எடுத்துக்கொள்வான்’ என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஜனங்கள் கேட்கவில்லை. சவுல் ராஜாவானார்.

ராஜா வந்தபின்னும் அந்தச் சந்தேகம் போகவில்லை. உபாகமம் 17 போட்டிருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள்: ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக்கூடாது, நியாயப்பிரமாணத்தைப் பிரதியெடுத்துத் தினமும் படிக்கவேண்டும். சாலொமோன் முதல் மூன்றையும் மீறினார். மனைவிகள் மட்டும் 700 பேர் என்கிறது 1 இராஜாக்கள். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய், "நீயே அந்த மனுஷன்" என்றார். நாத்தானின் தலை போகவில்லை. ராஜாவுக்கு மேலே இன்னொரு ராஜா உண்டு என்பதை இரண்டு பேருமே ஒப்புக்கொண்டிருந்ததால்தான் அப்படி ஒரு பேச்சு நடக்க முடிந்தது.

இதே நாத்தான் வழியாகத்தான் இன்னொரு பக்கமும் வருகிறது. தாவீதின் வம்சத்துக்கு என்றைக்கும் நிலைக்கும் சிங்காசனம் என்ற வாக்குறுதி, அவன் மகனைக் குறித்து "நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்" என்ற சொல், இரண்டும் 2 சாமுவேல் 7இல் இருக்கின்றன. இரண்டாம் சங்கீதத்தில், முடிசூடும் ராஜாவைப் பார்த்து, "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்று கடவுள் சொல்கிறார். அக்கம்பக்கத்து அரசவைகளின் பேச்சுவழக்கு இதில் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘இன்று’ என்கிறது சங்கீதம். அதாவது பட்டம் ஏறிய நாளில். தாவீதின் வாரிசைப் பார்வோனைப்போல் பிறவியிலேயே தெய்வம் என்று இஸ்ரவேலில் யாரும் கும்பிடவில்லை. பதவியால் வந்த மகன் உறவு அது. அந்தப் பதவிக்கு என்ன வேலை என்பதை 72ஆம் சங்கீதம் சொல்கிறது: எளியவனுக்கு நியாயம் செய்வது, ஏழையின் பிள்ளைகளைக் காப்பது, இடுக்கண் செய்கிறவனை நொறுக்குவது.

கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். கடைசி ராஜாவான சிதேக்கியாவின் மகன்களை அவர் கண்முன்னாலேயே வெட்டி, பிறகு அவர் கண்களைப் பிடுங்கி, விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். சிங்காசனம் போய்விட்டது, வாக்குறுதி மட்டும் மிஞ்சியது. தாவீதின் வழியில் அபிஷேகம் பண்ணப்பட்ட ஒருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பு இங்கேதான் பலமாகிறது. எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து. ‘இயேசு கிறிஸ்து’ என்று சொல்லும்போதே ராஜ பட்டமும் சேர்ந்தே வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இயேசுவின் காலத்துக்கு வருவோம். ‘யூதருடைய ராஜா’ என்ற பட்டத்துக்கு அப்போது அதிகாரபூர்வமான ஒரு வரலாறு இருந்தது. கி.மு. 40இல் ரோம செனட் அதை ஏரோதுக்குக் கொடுத்திருந்தது. கொடுக்கிற உரிமை ரோமுக்குத்தான். அந்தச் சூழலில் கலிலேயாவில் ஒரு தச்சர், "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனால், அதை வெறும் ஆன்மிகப் பிரசங்கமாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்த ராஜ்யத்தை அவர் விவரித்த விதம் கேட்டவர்களைக் குழப்பியிருக்கும். கடுகு விதை, மாவில் கலந்த புளித்தமாவு, கடனை மன்னித்துவிடும் முதலாளி, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கும் கல்யாண விருந்து. படையும் இல்லை, வரியும் இல்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்று ஜனங்கள் தம்மைப் பிடித்து ராஜாவாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தனியாக மலைக்குப் போய்விட்டார் என்கிறது யோவான் 6. பட்டத்தை முற்றிலும் உதறினாரா என்றால் அதுவும் இல்லை. சகரியா 9இல் சொல்லியிருக்கும் ராஜாவைப்போல் கழுதைக்குட்டியின் மேல் ஏறித்தான் எருசலேமுக்குள் வந்தார். நம் ஊர்ச் சபைகளில் குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடிப் பவனி போவது அந்த நிகழ்ச்சியைத்தான்.

மாற்கு நற்செய்தியில் ஒரு நுட்பம் இருக்கிறது. யாக்கோபும் யோவானும் வந்து, "உம்முடைய மகிமையிலே எங்களில் ஒருவன் உமது வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும்" என்று கேட்கிறார்கள். மந்திரி பதவி கேட்பது மாதிரிதான். நீங்கள் கேட்பது இன்னது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று சொல்லும் இயேசு, புறஜாதியாரின் அதிகாரிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கலாகாது, முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாகட்டும் என்கிறார். இது 10ஆம் அதிகாரம். 15ஆம் அதிகாரத்தில் சிலுவைக் காட்சி. ‘யூதருடைய ராஜா’ என்ற பலகைக்குக் கீழே அவர். அடுத்த வரியில், அவருடைய வலப்பக்கத்தில் ஒருவனும் இடப்பக்கத்தில் ஒருவனுமாக இரண்டு கள்ளர்களைச் சிலுவையில் அறைந்தார்கள் என்று வருகிறது. மாற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. சீஷர்கள் கேட்ட அந்த இரண்டு இடங்களும் யாருக்குப் போயின என்பதைப் படிக்கிறவர் கண்டுகொள்ள வேண்டியதுதான்.

அந்த நாளில் நடந்தது முழுவதுமே பட்டாபிஷேகத்தின் கேலிப் பதிப்பு. ரோமச் சிப்பாய்கள் ஊதா அங்கி போர்த்தி, முள்ளால் முடி செய்து வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, முழங்கால் போட்டு "யூதருடைய ராஜாவே, வாழ்க" என்கிறார்கள். நற்செய்தி எழுதியவர்கள் இந்தக் கேலியை அப்படியே எடுத்து, கேலி செய்தவர்கள் அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று காட்டுகிறார்கள். யோவான் இதை இன்னும் கூர்மையாக்குகிறார். பலகை எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் எழுதப்பட்டிருந்தது. மாற்றி எழுதச் சொன்னபோது பிலாத்து, "நான் எழுதினது எழுதினதே" என்று மறுத்துவிட்டார். அதற்குச் சற்று முன்னால் பிரதான ஆசாரியர்கள், "இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை" என்கிறார்கள் (இராயன் என்பது ரோமச் சக்கரவர்த்தி). 1 சாமுவேல் 8 தெரிந்தவருக்கு அந்த வரி எவ்வளவு கனம் என்று புரியும். (இந்தக் காட்சியை வைத்து யூத மக்கள் மொத்தப் பேர்மேலும் பழிபோட்டுப் பல நூற்றாண்டுகள் கொடுமை நடந்தது. ரோமை அண்டிப் பதவியில் இருந்த ஆலயத் தலைமையின் பேச்சு இது. யூத மக்கள் முழுவதின் பேச்சாக இதை எடுப்பது அநியாயம்.)

சரி, "இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றாரே? அந்த வசனத்தை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதி இது: "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதானால் நான் யூதரிடத்தில் ஒப்புக்கொடுக்கப்படாதபடி என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே." அந்த ராஜ்யம் எப்படி நடக்கும், எதை வைத்து நிற்கும் என்பதைப் பற்றிய பேச்சு இது. வாளை வைத்து நிற்பதில்லை என்கிறார். பூமிக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொண்டால், "உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோலப் பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று அவரே கற்றுக்கொடுத்த ஜெபத்துக்கு அர்த்தம் இருக்காது.

ஆதிச் சபை இந்தப் பட்டத்தை அரசியல் அபாயம் தெரிந்தே பயன்படுத்தியது. தெசலோனிக்கேயில் பவுல்மீது வந்த குற்றச்சாட்டு, இயேசு என்னும் வேறொருவனை ராஜா என்று சொல்கிறார்கள், இராயனுடைய கட்டளைகளுக்கு விரோதமாக நடக்கிறார்கள் என்பது (அப்போஸ்தலர் 17). ‘ராஜாதி ராஜா’ என்ற பட்டமே பாபிலோன், பாரசீகச் சக்கரவர்த்திகளுடையது. தானியேல் புத்தகத்தில் நேபுகாத்நேச்சாரையும் எஸ்றாவில் அர்தசஷ்டாவையும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். அதைப் பிடுங்கி, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் இயேசுவுக்குக் கொடுக்கிறது. கொடுக்கும்போதும் அந்தப் பழைய திருப்பத்தை மறக்கவில்லை: 5ஆம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்துவிட்டது என்று மூப்பர் ஒருவர் சொல்லக் கேட்டு யோவான் திரும்பிப் பார்க்கிறார், சிம்மாசனத்தின் நடுவில் நிற்பது அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி.

2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) வயதான ஆயர் பொலிகார்ப்பை அரங்கத்தில் நிறுத்தி, சீசர் பெயரில் சத்தியம் செய்து கிறிஸ்துவை நிந்தித்தால் விட்டுவிடுகிறேன் என்றார் ரோம ஆளுநர். "86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படி நிந்திப்பேன்?" என்பது அவர் பதில். அவரை எரிக்கத் தீ மூட்டி, கடைசியில் குத்திக் கொன்றார்கள். அவருடைய சபையார் எழுதிய மரண சாட்சியத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசியில் இருக்கிறது. வழக்கப்படி தேதி குறிக்கிறார்கள்: இன்ன மாதம், இன்ன நாள், ஸ்டேட்டியஸ் குவாட்ராட்டஸ் ஆளுநராக இருந்தபோது. சீசரின் பெயர் வரவேண்டிய இடத்தில், ‘இயேசு கிறிஸ்து என்றென்றைக்கும் ராஜாவாக ஆளும்போது’ என்று எழுதிவிட்டார்கள்.

இறையியலில் நடந்த ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் குமாரன் ராஜ்யத்தைப் பிதாவிடம் ஒப்படைப்பார் என்று 1 கொரிந்தியர் 15இல் பவுல் எழுதியிருக்கிறார். அதை வைத்து அன்சிராவின் ஆயர் மார்செல்லஸ், கிறிஸ்துவின் அரசாட்சி ஒருநாள் முடிந்துபோகும் என்று போதித்தார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் எழுதிய விசுவாச அறிக்கையில் இல்லாத "அவருடைய ராஜ்யத்திற்கு முடிவில்லை" என்ற வரி, 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிக்கையில் இருப்பது இந்தச் சண்டையின் தழும்பு. இன்றைக்கும் ஞாயிறுதோறும் அதை ஒப்புவிக்கிறவர்கள் மார்செல்லஸுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பாவம், அவர் யாரென்றே தெரியாமல்.

இதற்கிடையில் நிலைமை மாறியிருந்தது. 312இல் கான்ஸ்டன்டைன் சிலுவைச் சின்னத்தோடு ரோமைப் பிடித்தார். அவருடைய 30ஆம் ஆட்சியாண்டு விழாவில், 336இல், செசரியாவின் ஆயர் யுசேபியஸ் ஒரு புகழுரை வாசித்தார்: பரலோகத்தில் ஒரே ராஜா, அதன் சாயலாகப் பூமியில் ஒரே சக்கரவர்த்தி. முப்பது வருஷத்துக்கு முன்னால் சபையை வேட்டையாடிய அதே சிம்மாசனம் இப்போது பரலோகத்தின் நகல் ஆகிவிட்டது. துன்புறுத்தல் நின்ற நிம்மதியில் பேசியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மன்னர்களின் தெய்வீக உரிமைக் கதைக்கு விதை இங்கேதான் விழுந்தது. அந்தப் புகழுரையின் தர்க்கத்தில் முள்முடிக்கு ஒரு வேலையும் இல்லை.

அதே நூற்றாண்டில் எதிர்க்குரலும் எழும்பியது. 390இல் தெசலோனிக்கேயில் ஒரு கலவரத்துக்குப் பழிவாங்கச் சக்கரவர்த்தி தியோடோசியஸின் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மிலான் ஆயர் அம்புரோஸ், நீங்கள் மனந்திரும்பாமல் உங்கள் முன்னிலையில் திருப்பலி செலுத்தமாட்டேன் என்று எழுதினார். சக்கரவர்த்தி அரச உடையைக் கழற்றிவைத்துச் சபையார் முன்னால் பாவத்தை ஒப்புக்கொண்டார். நாத்தான் திரும்பி வந்ததுபோல. இந்த இரண்டு குரல்களும் அதன்பிறகு ஆயிரம் வருஷம் மாறிமாறி ஒலிக்கின்றன. பைசாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜஸ்டினியன் 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளியிட்ட பொற்காசில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: முன்பக்கம் முதன்முறையாகக் கிறிஸ்துவின் முகம், ‘ஆளுகிறவர்களின் ராஜா’ என்ற எழுத்து, பின்பக்கம் சக்கரவர்த்தி, ‘கிறிஸ்துவின் ஊழியன்’ என்று. பணிவா, பெருமையா? இவ்வளவு பெரிய ராஜாவின் நேரடி ஊழியன் நான் என்றால் என்னை யார் கேட்பது என்றும் அதைப் படிக்கலாம். (695இல் கேட்டார்கள். மூக்கை அறுத்து நாடுகடத்தினார்கள். பத்து வருஷம் கழித்து மறுபடி வந்து ஆட்சியைப் பிடித்தார் என்பது வேறு கதை.)

இடைக்காலத்தின் எண்ணெய் அபிஷேகம், போப்புகளும் பேரரசர்களும் போட்ட மல்லுக்கட்டு இவற்றை விட்டுவிட்டு நேராக ஸ்காட்லாந்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் நேருக்குநேர் மோதியது அங்கேதான். 1596இல் ஃபாக்லாண்ட் அரண்மனையில், சபையின் தூதுக்குழுவோடு வந்த ஆண்ட்ரூ மெல்வில், ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் சட்டைக் கையைப் பிடித்து, நீர் கடவுளின் அற்ப ஊழியன் என்றார். ஸ்காட்லாந்தில் இரண்டு ராஜாக்கள், இரண்டு ராஜ்யங்கள் உண்டு. ஒன்று கிறிஸ்து இயேசு ராஜாவும் அவர் ராஜ்யமான சபையும். அந்த ராஜ்யத்தில் ஜேம்ஸ் ராஜாவும் அல்ல, பிரபுவும் அல்ல, தலைவரும் அல்ல, வெறும் ஓர் அங்கத்தினர் என்றார். ஜேம்ஸ் இதை மறக்கவில்லை. இரண்டே வருஷத்தில், மன்னர்கள் கடவுளுக்கு மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் என்று ஒரு நூல் எழுதினார். 1603இல் இங்கிலாந்தின் அரியணையும் கிடைத்தது. மெல்வில் 1607 முதல் நான்கு வருஷம் லண்டன் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு, பிரான்ஸ் எல்லையிலிருந்த செடானில் அந்நிய மண்ணில் செத்தார். 1610இல் நாடாளுமன்றத்தில் பேசிய ஜேம்ஸ், மன்னர்கள் பூமியில் கடவுளின் சிம்மாசனத்தில் உட்காருகிறார்கள், கடவுளே அவர்களைத் தேவர்கள் என்று அழைத்திருக்கிறார் என்றார். அப்படி அழைக்கும் இடம் 82ஆம் சங்கீதம். அதன் அடுத்த வரி இப்படிப் போகிறது: "ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து, லோகப்பிரபுக்களில் ஒருவனைப்போல விழுந்துபோவீர்கள்." அநியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவர்களைக் கண்டிக்க எழுதிய சங்கீதம் அது.

ஜேம்ஸின் மகன் முதலாம் சார்ல்ஸ் 1649 ஜனவரி 30 அன்று லண்டனில் வெட்டப்பட்டார். தான் அழியும் கிரீடத்தை விட்டு அழியாத கிரீடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் தலையைக் கொடுத்தார். அவரை எதிர்த்தவர்களில் ஒரு பிரிவினரோ, இயேசுவைத் தவிர வேறு ராஜா இல்லை என்று முழங்கினார்கள். வெட்டினவர்கள், வெட்டுப்பட்டவர் இரு தரப்பும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ராஜாவை.

இருபதாம் நூற்றாண்டில் இது மறுபடி சூடுபிடித்தது. முதல் உலகப்போரின்போதும் அது முடிந்த சில வருஷங்களுக்குள்ளும் ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா, துருக்கி எல்லா இடத்திலும் முடியாட்சி சரிந்தது. அந்தக் காலியிடத்துக்குப் புதுவகைத் தலைவர்கள் வந்தார்கள். இத்தாலியில் முசோலினி 1925 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சர்வாதிகாரியாகிவிட்டார். அதே வருஷம் டிசம்பர் 11இல் போப் பதினொன்றாம் பயஸ் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தினார். அதில் இரண்டு நோக்கமும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். நாட்டையும் கட்சியையும் தெய்வமாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை ஒன்று. பொதுவாழ்வில் திருச்சபை இழந்த பழைய இடத்தைத் திரும்பக் கேட்கும் ஆதங்கம் இன்னொன்று. அதனால்தான் அந்த முழக்கம் இரண்டு விதமாகவும் பயன்பட்டது. மெக்சிகோவில் அரசு திருச்சபையை நசுக்கியபோது, 1927 நவம்பர் 23இல் விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்ட இயேசுசபைக் குரு மிகுவேல் ப்ரோ, கைகளைச் சிலுவைபோல் விரித்து, "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று சொல்லிச் செத்தார். ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ தன் நாணயத்தில் ‘கடவுளின் கிருபையால் தலைவர்’ என்று அச்சடித்தார். 1970களில் கிறிஸ்து அரசரின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு வலதுசாரிக் கும்பல் அங்கே ஆட்களை அடித்துக்கொண்டு திரிந்தது. ஜெர்மனியில் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய புரொட்டஸ்டன்ட் சபையினர், இறையியலாளர் கார்ல் பார்த் முன்னின்று எழுதிய அறிக்கையில், எங்கள் வாழ்க்கையில் இயேசு கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு எஜமான்களுக்குச் சொந்தமான பகுதி ஏதாவது உண்டு என்ற போதனையைத் தள்ளுகிறோம் என்றார்கள். ஹிட்லர் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

எது சரியான பயன்பாடு, எது தப்பு என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறதா? நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. அந்தப் பட்டத்தைச் சொல்கிறவர் சிலுவைமேல் இருந்த பலகையை ஞாபகம் வைத்துச் சொல்கிறாரா, அல்லது அதைத் தாண்டி நேரே சிம்மாசனத்துக்குப் போய்விடுகிறாரா? ப்ரோவும் பொலிகார்ப்பும் முதல் வகை. தெய்வீக உரிமை பேசிய மன்னர்கள் இரண்டாம் வகை. யுசேபியஸ் நடுவில் எங்கோ நிற்கிறார். விசுவாசிகள் எல்லாரும் இதை ஏற்கமாட்டார்கள். மகிமையில் திரும்பி வந்து நியாயந்தீர்க்கும் ராஜாவைப் பற்றியும் பைபிள் பேசுகிறதே என்பார்கள். பேசுகிறதுதான். ஆனால் மத்தேயு 25இல் அந்த ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: பசியாயிருந்தேன், கொடுத்தாயா? சிறையில் இருந்தேன், வந்தாயா?

ஐரோப்பாவில் மிச்சமிருக்கும் முடியாட்சிகளில் எண்ணெய் பூசி முடிசூட்டும் சடங்கை இன்றைக்கும் நடத்துவது பிரிட்டன் மட்டும்தான். 2023 மே 6இல் மூன்றாம் சார்ல்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் வந்ததும், பாடகர் குழுச் சிறுவன் ஒருவன், ராஜாதி ராஜாவின் பெயரால் உங்களை வரவேற்கிறோம் என்றான். "அவருடைய பெயராலும் அவருடைய மாதிரியைப் பின்பற்றியும், ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே வருகிறேன்" என்றார் சார்ல்ஸ். மாற்கு 10இல், வலப்பக்கம் இடப்பக்கம் கேட்ட அந்த இருவருக்கும் சொன்ன பதிலிலிருந்து எடுத்தது அது. அவ்வளவு தங்கத்துக்கு நடுவில் அந்த வரியைச் சொல்லவேண்டி வந்ததைப் பாசாங்கு என்றும் சொல்லலாம். ஜேம்ஸ் 1610இல் பேசியதோடு வைத்துப் பார்த்தால் மெல்வில் கொஞ்சம் ஜெயித்திருக்கிறார் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம்தான்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊரில் கத்தோலிக்க ஆலயம் இருந்தால், நவம்பர் 20க்கும் 26க்கும் இடையில் வரும் ஞாயிறன்று கிறிஸ்து அரசர் பெருவிழாத் திருப்பலிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்ததை 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார்கள். பல பங்குகளில் அன்று மாலை நற்கருணைப் பவனியும் நடக்கும். அன்றைய நற்செய்தி வாசகம் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறும்: ஓர் ஆண்டு மேலே சொன்ன மத்தேயு 25, அடுத்த ஆண்டு பிலாத்துவின் விசாரணை, அதற்கடுத்த ஆண்டு லூக்கா 23இல், சாகிற கள்ளன் ஒருவன் பக்கத்தில் சாகிறவரைப் பார்த்து, உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்தருளும் என்று கேட்கும் பகுதி.